பேத்தியோடு மரத்தில் பொம்மை வீடு: எங்கிருந்து தொடங்குவது?

ஆறு வயதுப் பேத்தியோடு சேர்ந்து மரத்தில் ஒரு பொம்மை வீடு செய்ய ஆசை. ஆணி அடிக்கவும் ஸ்க்ரூ முடுக்கவும் தெரியும், அதற்கு மேல் தச்சு வேலை பழக்கமில்லை. எந்த மரம் வாங்குவது, எவ்வளவு பெரிதாகச் செய்வது, அவள் கையில் எந்த வேலையைக் கொடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் செய்யலாம். உங்களுக்குத் தெரிந்த அந்த இரண்டு வேலையே முக்கால்வாசி போதும். சுவரும் தளமும் சேர்ந்தால் ஒரு சின்ன அலமாரி. அதன் தலையில் கூரை வைத்தால் வீடு.

நான் இதுவரை மூன்று வீடு செய்திருக்கிறேன். முதலாவதை என் மகளுக்காக, அவள் தூங்கிய பிறகு, தனியாகவே செய்து முடித்தேன். இரண்டாவதைப் பேரனோடும் மூன்றாவதைப் பேத்தியோடும் செய்தேன். மூன்றிலும் மிக நேர்த்தியானது முதலாவதுதான். மிகக் குறைவாக விளையாடப்பட்டதும் அதுதான். அதற்கு ஒரு காரணம் எனக்குப் பல வருடம் கழித்துத்தான் புரிந்தது: அறைகளின் ஆழம் 45 செ.மீ. நின்று பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஐந்து வயதுக் குழந்தையின் கை பின்சுவர் வரை போகாது. கட்டிலைப் பின்மூலையில் வைத்தால் எடுக்கத் தலையை உள்ளே நுழைக்க வேண்டும். மகள் எல்லாச் சாமானையும் முன் ஓரத்தில் வரிசையாக வைத்து விளையாடினாள். பின்பாதியில் தூசிதான் குடியிருந்தது.

அதனால் மரம் வாங்குவதற்கு முன் இரண்டு அளவு எடுங்கள். ஒன்று, பேத்தியின் கை: முழங்கை மடிப்பிலிருந்து விரல் நுனி வரை. அதைவிட ஆழமாக எந்த அறையும் இருக்க வேண்டாம். ஆறு வயதுக்கு 28 செ.மீ. சுகமான ஆழம். இரண்டாவது, அந்த வீட்டில் குடியேறப் போகிற பொம்மை. யார் குடியிருக்கப் போகிறார்கள் என்று அவளிடமே கேளுங்கள். இந்தக் கேள்வியை விட்டுவிட்டு வீட்டைக் கட்டிவிட்டு, கடைசியில் அவளுக்குப் பிடித்த பொம்மை வாசலில் தலையிடித்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

பொம்மை வீட்டுக்காரர்கள் அதிகம் பேசும் அளவு 1:12. நிஜத்தில் ஒரு அடி, வீட்டில் ஒரு அங்குலம். இந்த அளவில் பெரியவர் பொம்மை ஏறத்தாழ 14, 15 செ.மீ. இருக்கும், கதவு 17 செ.மீ., மேசை 6 செ.மீ. சொச்சம், நாற்காலி இருக்கை 4 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. 1:24 என்றால் எல்லாம் பாதி. அது சேகரிப்பவர்களின் அளவு, குழந்தை விரலுக்கு ஆகாது. பார்பி வகைப் பொம்மை 29 செ.மீ. உயரம், கிட்டத்தட்ட 1:6. அதற்கு வீடு கட்டினால் ஒரு தளமே 43 செ.மீ. வேண்டும், மூன்று தளம் வைத்தால் பேத்தியைவிட வீடு உயரமாகிவிடும். அப்படிப்பட்ட பொம்மைதான் அவளுக்கு வேண்டுமென்றால் ஒரே தளத்தில் இரண்டு அறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதிலும் குறையொன்றுமில்லை. எந்தப் பொம்மையானாலும் அதன் உயரத்தில் ஒன்றரை மடங்கு அறையின் உயரம் என்று வைத்துக்கொண்டால் பொம்மையும் நிற்கும், பிடித்த கையும் உள்ளே புரளும்.

அளவுக் கணக்கு இதற்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து. இங்கிலாந்து ராணி மேரிக்காக 1921 முதல் 1924 வரை செய்த பொம்மை வீடு 1:12 அளவில்தான் இருக்கிறது. கட்டடக் கலைஞர் எட்வின் லட்டியன்ஸ் வரைந்தது. மின்விளக்கு எரியும், குழாயில் தண்ணீர் வரும், மின்தூக்கி ஏறி இறங்கும், நூலகத்தில் குட்டிக் குட்டிப் புத்தகங்கள். இன்றும் வின்ட்சர் கோட்டையில் காட்சிக்கு இருக்கிறது. அதற்கும் இருநூறு ஆண்டு முன்னால், ஆம்ஸ்டர்டாமில் பெட்ரோனெல்லா ஊர்ட்மான் என்ற செல்வந்தப் பெண் அலமாரிக்குள் அமைத்த வீடு ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கால்வாய்க் கரையில் நிஜ வீடு ஒன்று வாங்கக்கூடிய தொகை அதற்குச் செலவானது என்று சொல்வார்கள். இரண்டுமே வியக்கத்தக்க வேலை. இரண்டுமே பெரியவர்கள் பார்ப்பதற்காகச் செய்தவை, குழந்தை தொட்டு விளையாட அல்ல. பொம்மை வீட்டுப் படங்களைத் தேடினால் இந்த வகைதான் முதலில் கண்ணில் படும், மனமும் அதன் பின்னால் போகும். போகவிடாதீர்கள். நம் வீட்டில் நாற்காலிக் கால் அளவுக்கு மேல் தடிமனாக இருந்தாலும் உடையாமல் இருக்கட்டும்.

இனி மரம். 9 மி.மீ. பிளைவுட் வாங்குங்கள். முழு மரப்பலகை பார்க்க அழகுதான், ஆனால் அது காற்றின் ஈரத்துக்கு ஏற்ப இழைக்குக் குறுக்காக விரியும், சுருங்கும். அகலமான சுவர் ஒரு பருவம் போனதும் வளைந்து நிற்கும், இல்லையேல் பசை விட்ட இடத்தில் பிளக்கும். பிளைவுட்டில் ஒவ்வொரு தகடும் அடுத்த தகட்டுக்குக் குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால் ஒன்று அசையப் பார்த்தால் மற்றது பிடித்துக்கொள்ளும். மரநாரைப் பிசினோடு அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை வழவழப்பாக இருக்கும், பெயின்ட் நன்றாகப் பிடிக்கும், விலையும் குறைவு. ஆனால் அறுத்தாலும் தேய்த்தாலும் மாவு போலத் தூள் பறக்கும், அந்தத் தூளில் ஃபார்மால்டிஹைடு கலந்த பிசினும் இருக்கும். குழந்தை பக்கத்தில் உட்கார்ந்து உப்புத்தாள் போடுகிற வேலைக்கு அது வேண்டவே வேண்டாம். பிளைவுட் எடுக்கும்போது ஓரத்தைப் பாருங்கள்: தகடுகளுக்கு நடுவே ஓட்டை, இடைவெளி இல்லாமல் நெருக்கமாக இருக்க வேண்டும். ஓட்டை உள்ள பலகையில் ஜன்னல் அறுத்தால் ஓரம் பொடிந்து விழும்.

நான் பேத்தியோடு செய்த வீட்டின் அளவைச் சொல்கிறேன். 14, 15 செ.மீ. பொம்மைக்குச் சரியாக இருக்கும். முன்பக்கம் திறந்தே இருக்கும். வெளி அகலம் 60 செ.மீ., ஆழம் 28 செ.மீ., இரண்டு தளம், மேலே கூரைக்குள் ஒரு மாடம். ஒவ்வொரு தளமும் உள்ளே 23 செ.மீ. உயரம். பக்கச் சுவர் இரண்டு, 48.7 × 28 செ.மீ. தரை, நடுத்தளம், மாடத்தின் தளம் மூன்றும் ஒரே அளவு: 58.2 × 28 செ.மீ. இவை பக்கச் சுவர்களுக்கு நடுவே உட்காரும். 60 செ.மீ.இலிருந்து இரண்டு சுவரின் தடிமனான 1.8 செ.மீ.ஐக் கழித்ததால் வந்த எண் அது. பலர் இந்தக் கழித்தலை மறந்துவிட்டுப் பலகையைத் திரும்ப அறுக்கப் போவார்கள். உள் தடுப்புச் சுவர் இரண்டு, 23 × 28 செ.மீ. இவ்வளவும் எட்டடிக்கு நாலடிப் பலகையில் பாதிக்குள் அடங்கும். பின்சுவருக்கு மட்டும் 4 மி.மீ. போதும், அதை ஒரே துண்டாக, குழந்தைகள் வீடு வரைவார்களே அந்த வடிவிலேயே அறுக்கலாம்: 60 செ.மீ. அகலம், 48.7 செ.மீ. வரை நேர்ச்சுவர், அதற்கு மேல் 30 செ.மீ. உயர முக்கோணம்.

அந்த 30 செ.மீ. சும்மா வைத்த எண் இல்லை. அகலத்தில் பாதி உயரம் வைத்தால் கூரை 45 பாகையில் சரியும், உச்சியில் இரண்டு பலகையும் மிகச் சரியான செங்கோணத்தில் சந்திக்கும். அப்போது ஓரத்தைச் சாய்வாகச் சீவ வேண்டியதில்லை; ஒரு பலகையை மற்றதன் ஓரத்தின் மேல் ஏற்றி, பெட்டி மூடுவது போல ஒட்டிவிடலாம். ஏறும் பலகை மட்டும் பலகைத் தடிமன் அளவுக்கு நீளமாக இருக்க வேண்டும். கூரைக்கு 6 மி.மீ. பலகை எடுத்து, சுவரைத் தாண்டி வெளியே நீட்டும் இறவாரத்துக்கு 3 செ.மீ. சேர்த்தால் ஒன்று 45.4, இன்னொன்று 46 செ.மீ. வரும். கூரை மாடத் தளத்தில் உட்காரும் இடத்தில் உள்பக்கம் நீளமான ஒரு முக்கோணக் கட்டையை ஒட்டிவிட்டால் அசையாது. வேறு சரிவு வைத்தால் அழகு கூடலாம், வேலை மூன்று மடங்காகும்.

நேர்வெட்டுகளை எல்லாம் மரம் வாங்கும் இடத்திலேயே இயந்திரத்தில் அறுத்து வாங்குங்கள். இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. தச்சருக்கும் கடினமானது நீளமான நேர்வெட்டுத்தான். அது சதுரமாக வந்துவிட்டால் மற்ற பிழைகளெல்லாம் மறைந்துபோகும். மூன்று தளப் பலகையையும் ஒரே அமைப்பில் வைத்து அடுத்தடுத்து அறுக்கச் சொல்லுங்கள். அரை மி.மீ. தப்பினாலும் மூன்றும் ஒரே மாதிரி தப்ப வேண்டும்.

ஜன்னல், வாசல் ஓட்டைகள் மட்டும் வீட்டில். அவற்றைச் சுவர்கள் தனித்தனியாகத் தரையில் கிடக்கும்போதே வெட்டிவிட வேண்டும், பெட்டி கூடிய பிறகு ரம்பம் நுழையாது. வெட்டும் கோட்டின் மேல் காகித டேப் ஒட்டி, நான்கு மூலையிலும் துளை போட்டு, வில் ரம்பத்தின் மெல்லிய அலகைத் துளைக்குள் நுழைத்து மாட்டி அறுங்கள். டேப் இருந்தால் மேல்தகடு சிராய் சிராயாகப் பெயராது.

இந்த ஜன்னல் விஷயத்தில் பேத்தி எனக்கு ஒன்று கற்றுக்கொடுத்தாள். நிஜ வீட்டுக் கணக்கில் ஜன்னல் அடியை 7 செ.மீ. உயரத்தில் குறித்திருந்தேன். அவள் அதை அழித்துவிட்டு 3 செ.மீ.இல் கோடு போட்டாள். ஏன் என்று கேட்டேன். "இவ தரையிலதான் தாத்தா உக்காருவா, அப்புறம் வெளிய எப்படிப் பாப்பா?" என்றாள். பொம்மையை உட்கார வைத்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. என் கோட்டில் பொம்மைக்குச் சுவர்தான் தெரியும்.

அதனால்தான் மரத்துக்கு முன்னால் அட்டையில் ஒரு வீடு செய்யச் சொல்வேன். பழைய அட்டைப் பெட்டி, டேப், கத்தரிக்கோல். ஒரு மாலை நேரம் போதும். அறைகள் எங்கே, கதவு எங்கே, ஜன்னல் எங்கே என்பதை அதில் அவள் முடிவு செய்யட்டும். குளியலறையை மாடத்தில் வைப்பாள், சமையலறைக்குக் கதவே வேண்டாம் என்பாள். மரம் தாங்குமா என்பது ஒன்றை மட்டும் நீங்கள் பாருங்கள், மற்றதை விட்டுவிடுங்கள். படிக்கட்டைப் பற்றி மட்டும் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. நிஜப் படியின் அளவைக் குறைத்தால் ஒரு படி 15 மி.மீ. உயரம், 21 மி.மீ. ஆழம். ஒரு தளத்திலிருந்து அடுத்ததுக்கு ஏற 16 படி வேண்டும். படிக்கட்டு 33 செ.மீ. நீளத்துக்கு ஓடி, ஒரு அறையையே விழுங்கிவிடும். நாங்கள் தளத்தில் ஒரு சதுர ஓட்டை வெட்டி, சாய்த்து வைக்கும் ஏணி செய்தோம். ஏணியைக் கழற்றி எடுக்க முடிகிறது என்பதே அவளுக்குப் பெரிய விளையாட்டாகிவிட்டது. அந்த ஓட்டையையும் பெட்டி கூட்டுவதற்கு முன்பே வெட்ட வேண்டும்.

எந்த வேலையை அவள் கையில் கொடுப்பது என்று கேட்டீர்களே, அதற்கு வருகிறேன். ஆறு வயதில் உப்புத்தாள் தேய்ப்பது, அளந்து கோடு போடுவது, பசை தடவுவது, பெயின்ட் அடிப்பது, சின்ன ஆணி அடிப்பது, கையால் சுற்றும் துளைக்கருவியைச் சுற்றுவது, மெல்லிய கட்டையைச் சின்ன ரம்பத்தில் அறுப்பது, இத்தனையும் முடியும். மின்சாரத்தில் ஓடும் கருவிகளும் உளியும் உங்கள் கையில் மட்டும். ரம்பம் கொடுக்கும்போது ஒரு விதி: அறுக்கும் கட்டை மேசையில் கிளாம்ப் போட்டு இறுக்கப்பட்டிருக்க வேண்டும், அவளுடைய இரண்டு கையும் ரம்பப் பிடியில் இருக்க வேண்டும். இரண்டு கையும் பிடியில் இருந்தால் பல்லுக்கு முன்னால் நீட்ட மூன்றாவது கை கிடையாது. ஆணியை விரலால் பிடிக்கச் சொல்லாதீர்கள். ஒரு தடித்த அட்டைத் துண்டில் ஆணியைக் குத்தி, அட்டையின் மறுமுனையை அவள் பிடிக்கட்டும். ஆணி நின்றதும் அட்டையைக் கிழித்து எடுத்துவிடலாம். சுத்தியல் சின்னதாக, எடை குறைவாக இருக்கட்டும், ஆனால் நிஜச் சுத்தியலாக இருக்கட்டும். பிளாஸ்டிக் விளையாட்டுச் சுத்தியல் ஆணியிலிருந்து எகிறும், அதுதான் ஆபத்து. இருவருக்கும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, தூள் பறக்கும்போது முகமூடி, அவிழ்ந்த கூந்தல் இருந்தால் கட்டிவிடுங்கள்.

உப்புத்தாள் வேலையை அலட்சியமாக நினைக்காதீர்கள், பொம்மை வீட்டில் அதிக நேரம் பிடிப்பது அதுதான். 120 எண்ணில் தொடங்கி, 180, கடைசியாக 220. இழை ஓடும் திசையில்தான் தேய்க்க வேண்டும். ஒரு கட்டைத் துண்டில் தாளைச் சுற்றிக் கொடுத்தால் சின்னக் கைக்குப் பிடி கிடைக்கும். முடிந்ததா இல்லையா என்று அவளே தீர்மானிக்க ஒரு வழி உண்டு: ஒரு பஞ்சு உருண்டையை ஓரமெல்லாம் தடவச் சொல்லுங்கள். சிராய் இருக்கும் இடத்தில் பஞ்சு மாட்டிக்கொள்ளும், அங்கே இன்னும் தேய்க்க வேண்டும். என் பேத்தி பஞ்சை வைத்துக்கொண்டு என் வேலையையும் சோதித்து, இரண்டு இடத்தில் திருப்பி அனுப்பினாள். வாசல், ஜன்னல் ஓரங்களைக் கூராக விடாமல் மழுக்கிவிடுங்கள். விளையாடும்போது கை ஆயிரம் தடவை போய்வரும் இடம் அது.

பெயின்ட் அடிப்பதும் பெட்டி கூடுவதற்கு முன்னால்தான். தரையில் படுத்த சுவருக்குப் பெயின்ட் அடிப்பது குழந்தைக்குச் சுலபம், வழியாது. ஆனால் பசை விழும் கோடுகளில் டேப் ஒட்டிவிட்டு அடியுங்கள். மரப்பசை மரத்துக்குள் ஊறித்தான் பிடிக்கும், பெயின்ட் மேல் ஒட்டினால் பெயின்டோடு கழன்று வரும். நீரில் கரையும் அக்ரிலிக் பெயின்ட், குழந்தைப் பொம்மைக்கு ஏற்றது என்று டப்பாவில் எழுதியிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். பரணில் கிடக்கும் பழைய டப்பாவைத் திறக்காதீர்கள். பழைய எனாமல் பெயின்டில் ஈயம் இருந்திருக்கலாம், குழந்தை வாயில் வைக்கும் பொருளுக்கு அது விஷம்.

இப்போது கூட்டும் வேலை. பெவிகால் போன்ற வெள்ளை மரப்பசையும் 25 மி.மீ. மெல்லிய ஆணியும் போதும். முதலில் பசையே இல்லாமல் எல்லாவற்றையும் டேப் ஒட்டி நிறுத்திப் பாருங்கள், பொருந்தாதது இப்போதே தெரியட்டும். ஆணி விழும் இடங்களில் ஆணியைவிட மெல்லிய துளை முன்கூட்டியே போடுங்கள்; 9 மி.மீ. பிளைவுட்டின் ஓரத்தில் நேராக ஆணி இறக்கினால் தகடுகள் விரிந்துவிடும். பசையை அவள் தூரிகையால் மெல்லிய கோடாகத் தடவட்டும். நிறையப் பசை போட்டால் நிறையப் பிடிக்கும் என்பது எல்லாக் குழந்தைகளின் நம்பிக்கை, பெரியவர்கள் பலருக்கும் அதே நம்பிக்கைதான். பிதுங்கி வந்ததை ஈரத்துணியால் உடனே துடையுங்கள். காய்ந்துவிட்டால் அந்த இடம் வார்னிஷ் பிடிக்காமல் வெளிறித் தெரியும்.

நான்கு பக்கமும் சேர்ந்து பசை ஈரமாக இருக்கும்போது ஒரு சோதனை உண்டு, அதை முழுக்க அவளிடம் விடுங்கள். ஒரு நூலை எடுத்து மேல் இடது மூலையிலிருந்து கீழ் வலது மூலைக்குப் பிடித்து முடிச்சுப் போட வேண்டும். அதே நூலை மற்ற இரண்டு மூலைக்கும் பிடித்துப் பார்க்க வேண்டும். முடிச்சு சரியாக மூலையில் வந்தால் பெட்டி சதுரம். வராவிட்டால் எந்தக் கோடு நீளமோ அந்த இரண்டு மூலையையும் உள்ளே அமுக்க வேண்டும், பெட்டி நகரும். எங்கள் வீட்டில் 4 மி.மீ. வித்தியாசம் இருந்தது, நான் ஒரு மூலையை அமுக்க, அவள் நூலைப் பிடித்தபடி "இன்னும், இன்னும், போதும்" என்றாள். அதன் பிறகு பின்சுவரை ஆணியடித்துவிட்டால் பெட்டி அந்தச் சதுரத்திலேயே நின்றுவிடும். பின்சுவர்தான் வீட்டை ஆடாமல் பிடிக்கும் உறுப்பு, அதைச் சதுரம் பார்க்காமல் அடித்துவிடாதீர்கள். அரைமணி, ஒரு மணி நேரம் கிளாம்போ டேப்போ போட்டு வைத்து, மறுநாள் வரை பாரம் ஏற்றாமல் விடுங்கள். இந்தக் காய்கிற நேரம் நல்லதுதான். அன்றைய வேலை முடிந்தது என்று மரமே சொல்லிவிடுகிறது, நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. ஆறு வயதுக் குழந்தை ஒரு தடவைக்கு அரைமணி நேரம் மனம் ஒன்றிச் செய்தால் அது பெரிது. நாங்கள் ஒன்பது வாரம் எடுத்துக்கொண்டோம், வாரத்துக்கு ஒரு நாள்.

கூரையில் நான் செய்த ஒரு தவறைச் சொல்ல வேண்டும், நீங்கள் செய்யக்கூடாது என்பதற்காக. ஐஸ்கிரீம் குச்சிகளைத் துண்டு துண்டாக நறுக்கி, ஓடு வேய்வது போலக் கீழிருந்து மேலாக வரிசை வரிசையாக ஒட்டினோம். நறுக்கியது நான், ஒட்டியது அவள். கீழ் வரிசையிலிருந்து தொடங்க வேண்டும், மேல் வரிசையின் துண்டு கீழே இரண்டு துண்டு சேரும் இடத்தை மூட வேண்டும் என்று சொல்லியிருந்தேன். நன்றாகத்தான் பிடித்துக்கொண்டாள், ஆனால் வரிசை அலை அலையாகப் போனது. மூன்று வரிசை முடிந்ததும் தூங்கப் போனாள். பசை முழுதாக இறுகியிருக்கவில்லை. நான் அந்த மூன்று வரிசையையும் பெயர்த்தெடுத்து, பென்சிலில் கோடு கிழித்து, நேராக ஒட்டி வைத்தேன். மேலே போகப் போகக் கோணல் கூடிவிடும், அவளுக்கே பிடிக்காமல் போகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

காலையில் வந்து கூரையில் விரலை ஓட்டிப் பார்த்தாள். "இது நான் ஒட்டினது இல்ல" என்றாள். கோபம் இல்லை, அழுகையும் இல்லை. மீதியையும் நீங்களே ஒட்டுங்கள் தாத்தா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இரண்டு வாரம் மேசைப் பக்கம் வரவில்லை. நான் மன்னிப்புக் கேட்டு, அந்தச் சரிவில் மேலே ஒரு துண்டுகூட நான் ஒட்ட மாட்டேன் என்று சொன்ன பிறகுதான் வந்தாள். இன்றும் அந்த வீட்டின் இடப்பக்கக் கூரையில் கீழ் மூன்று வரிசை நேராக இருக்கும், அதற்கு மேல் அவளுடைய அலைகள். யார் வந்து பார்த்தாலும் மேல்பகுதியைத்தான் காட்டுவாள்.

ஆகவே எந்த வேலையை நீங்கள் பிறகு திருத்தாமல் இருக்க முடியுமோ அதைத்தான் அவளிடம் கொடுக்க வேண்டும். அளவும் சதுரமும் தப்பினால் வீடே நிற்காது, அந்த வேலையை உங்கள் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது நூல் சோதனை போலப் பக்கத்தில் இருந்து செய்யுங்கள். வண்ணம், சுவர்த்தாள், கூரை, தரை, சாமான்கள் எல்லாம் அவளுடையவை. கோணலாக வந்தால் கோணலாகவே நிற்கட்டும். அவள் தானே வந்து "இது சரியில்ல, பிரிக்கலாமா?" என்று கேட்டால் மட்டும் சேர்ந்து பிரியுங்கள்.

உள்ளே வைக்கும் சாமான்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அவளே உங்களுக்குச் சொல்வாள். தீப்பெட்டிகளை அடுக்கி ஒட்டினால் இழுப்பறை, நூல்கண்டுக் கட்டையின் மேல் வட்ட அட்டை ஒட்டினால் மேசை, குப்பி மூடிகள் தட்டுகள், சட்டைத்துணித் துண்டுகள் விரிப்பு. ஐஸ்கிரீம் குச்சியை முழுதாக வைத்துப் பதித்தால் மரத்தரை. மரத்தில் செய்யும் கட்டில், நாற்காலிக்கு மட்டும் கால்களை 8 மி.மீ.க்குக் குறையாமல் வையுங்கள். அளவுப்படி செய்த மெல்லிய கால் ஒரு வாரத்தில் முறியும்.

வீட்டில் மூன்று வயதுக்குக் குறைந்த தம்பியோ தங்கையோ இருந்தால் ஒரு எச்சரிக்கை. அந்த வயதுக்கான பொம்மையைச் சோதிக்க 31.7 மி.மீ. விட்டமுள்ள ஒரு குழாய் வைத்திருப்பார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் பொருள் எதுவும் தொண்டையில் அடைக்கக்கூடியது என்று கணக்கு. நீங்கள் செய்யும் தட்டு, கிண்ணம், தலையணை எல்லாமே அதில் அடங்கும். அவற்றுக்கு மூடியுள்ள ஒரு டப்பா தனியாக வைத்து, விளையாடி முடித்ததும் எட்டாத இடத்தில் ஏற்றிவிடுங்கள். விளக்கு போட ஆசைப்பட்டால் எல்.இ.டி. போடலாம், சூடாகாது, ஆனால் பேட்டரிப் பெட்டி ஸ்க்ரூ போட்டு மூடுவதாக இருக்க வேண்டும். வட்டமான பட்டன் பேட்டரி வேண்டாம். விழுங்கிவிட்டால் உணவுக்குழாயை இரண்டு மணி நேரத்துக்குள் அரித்துவிடக்கூடியது அது. இன்னொன்று, முடிந்த வீடு 7, 8 கிலோ எடையும் கூரையோடு முக்கால் மீட்டருக்கு மேல் உயரமும் இருக்கும். குழந்தை மாடத்தைப் பிடித்துத் தொங்கினால் முன்பக்கம் சாயும். அடியில் வீட்டைவிட ஐந்தாறு செ.மீ. முன்னே நீண்ட ஒரு பலகையை ஸ்க்ரூ போட்டு முடுக்குங்கள், அது முற்றமும் ஆகும். பின்னால் ஒரு சின்ன உலோகப் பட்டையால் நிஜச் சுவரோடு பிணைத்துவிட்டால் கவலையில்லை.

மீந்த பலகைத் துண்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரு மாதம் கழித்துப் பக்கத்தில் மாட்டுத் தொழுவமோ, பள்ளிக்கூடமோ, பூனைக்கு ஒரு அறையோ வேண்டும் என்பாள்.

இந்த வாரம் மரம் வாங்க வேண்டாம். அட்டை வீட்டைச் செய்து தரையில் வைத்துவிடுங்கள், நான்கு நாள் அவள் அதில் விளையாடட்டும். எந்த அறைக்குள் கை அடிக்கடி போகிறது, எந்தத் தடுப்பு அவள் முழங்கை பட்டுப் பட்டுச் சாய்கிறது என்று கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அந்தத் தடுப்பை மரத்தில் செய்ய வேண்டாம்.